விரல்காரனுக்குப் பிடிகிடைக்காத இடம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அரைமணி நேரத்துக்குள் செர்வாவின் முற்றத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்று யாரும் கேட்பதில்லை. குமாசி நகரத்தில் சனிக்கிழமை என்றால் இழவுக்குப் போகிற நாள். பந்தாமா தெருவே கறுப்பும் சிவப்புமான துக்கத்துணி சுற்றிக்கொண்டு கிளம்பிவிடும். அதனால் நோய்க்குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஞாயிறு. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, கையில் காலி பாட்டிலோடு வருவார்கள். கரியடுப்பில் பெரிய அலுமினியப் பானை கொதித்துக்கொண்டிருக்கும். அதற்குள் என்ன பட்டை, என்ன வேர் என்பது செர்வாவுக்கு மட்டும்தான் தெரியும். வாயில் வைத்தால் மூன்று நாளைக்கு வேறு ருசி நாக்கில் ஏறாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

செர்வா யாரிடமும் காசு வாங்குவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

பெண்கள் உட்கார்ந்ததும் அவள் அகப்பையைத் துடைத்து வைத்துவிட்டு ஆரம்பிப்பாள்.

“இவ என் பொண்ணு கொனாடு. பிறந்தப்போ கார்டுல எஸ்.எஸ்.னு எழுதினாங்க, அரிவாள் ரத்த நோயாம். உங்க பிள்ளைங்களுக்கு எழுதியிருக்காங்களே, அதே ரெண்டு எழுத்து. பொறந்த அன்னிலேருந்து ஒரு நாள் விடாம இந்தக் கஷாயம் ஊத்தினேன். இப்ப இருபத்தொம்பது வயசு. காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்ல. எழுந்திருடி, குதிச்சுக் காட்டு.”

கொனாடு எழுந்து குதிப்பாள். பட்டம் வாங்கியவள், பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறவள், ஒன்பது வயதிலிருந்து வாராவாரம் அந்த முற்றத்தில் குதித்துக்கொண்டிருக்கிறாள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அவள் குதிக்கும்போது அம்மாவின் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காக இன்னும் நாலு குதி குதிக்கலாம் என்றும் தோன்றும்.

பிறகு செர்வா மூலையில் இருக்கும் நாற்காலியைக் காட்டுவாள். அங்கே கொனாடுவின் அண்ணன் அம்போன்சா உட்கார்ந்திருப்பான். முப்பத்துமூன்று வயது, மஞ்சளோடிய கண்கள், வெயிலிலும் காலில் கம்பளி உறை.

“இவன் என் மூத்தவன். இவனுக்கும் எஸ்.எஸ்.தான். பத்து மாசம் வரைக்கும் கொழுகொழுன்னு இருந்தான். அப்போ ஊர்ல எங்க அக்கா செத்துப்போனா. இவன முதுகுல கட்டிக்கிட்டு ஓடினேன், பட்டை மூட்டைய மறந்துட்டேன். இழவு வீடு, ஒரு மாசம் நகர முடியல. திரும்பி வரும்போது பிள்ளையோட வெரலெல்லாம் வாழைக்காயாட்டம் வீங்கிப்போச்சு. அன்னிக்குப் பிடிச்ச வலி இன்னும் விடல. என் தப்பு. பெத்தவளே பண்ணின தப்பு. நீங்க ஒரு நாள்கூட விட்டுடாதீங்க.”

சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடையும். இருபது வருடமாக, ஒரு ஞாயிறு தவறாமல், முன்பின் தெரியாத பெண்களிடம் அவள் இந்தப் பாவத்தை ஒப்புக்கொண்டு வருகிறாள். அம்போன்சா ஒன்றும் பேசமாட்டான். கொடுத்த டம்ளரைக் குடித்துவிட்டுக் கீழே வைப்பான்.

கொனாடுவுக்கு ஆய்வகத்தில் ஒரே ஒரு புரதத்தோடுதான் குடித்தனம். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. அங்கே எல்லோரும் அதை விரல்காரன் என்பார்கள். கருவில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வகை ரத்தம், பிறந்தபின் வேறு வகை. அந்த முதல் ரத்தத்தைச் செய்யும் மரபணுவை, பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் இழுத்து மூடுகிறவன்தான் விரல்காரன்.

மூட வேண்டுமென்றால் முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே. முந்நூறு கோடி எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. இழையை அவன் கண்ணில்லாமல் தடவிக்கொண்டே போவான். அவன் உடம்பின் நுனியில் மூன்று விரல்கள். ஒவ்வொரு விரலும் ஒரு துத்தநாக அணுவைச் சுற்றி மடிந்து நிற்கிறது. அந்த அணுவைப் பிடுங்கினால் விரல் வெந்த கீரைத்தண்டாகத் துவண்டுவிடும். கொனாடு பலமுறை பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். துத்தநாகம் இருக்கிறவரை விரல் விறைப்பாக நின்று, முறுக்கிய இழையின் பள்ளத்துக்குள் நுழைந்து, முறுக்கைப் பிரிக்காமலே எழுத்துகளைத் தொட்டுப் படிக்கும். ஆறே எழுத்து. அந்த ஆறும் அதே வரிசையில் அகப்பட்டால் இறுகப் பிடித்துக்கொள்வான். எழுத்து மாறியிருந்தால் பிடி நழுவி மேலே போய்விடுவான். பிடித்த பிறகு அவனுடைய மற்றப் பாதி ஆள் கூப்பிடும். வந்தவர்கள் இழையைச் சுருட்டி மடக்கிக் கதவைச் சாத்துவார்கள்.

கொனாடுவுக்கு அவன்மேல் கோபம் வந்ததே இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிற வேலையைத்தான் எஸ்.எஸ். பிள்ளைகளுக்கும் செய்கிறான். சிசு ரத்தம் ஓடுகிறவரை அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் அதை மூடியதும் மிச்சமிருப்பது அரிவாளாக வளைகிற செல்கள் மட்டும். அவை ரத்தக்குழாயில் அடைத்துக்கொள்ள, வலி தொடங்குகிறது. நல்லபடியாக வேலை செய்து கெட்ட பெயர் வாங்குகிறவர்கள் உண்டல்லவா, அவன் அந்த ஜாதி.

மூன்று வாரத்துக்கு முன் ஆய்வகத்தில் ஒரு ரத்த மாதிரி குறைந்தது. எஸ்.எஸ். ரத்தம்தானே வேண்டும் என்று கொனாடு தன் கையையே நீட்டினாள். மறுநாள் ஆய்வகத் தலைவர் டாக்டர் அட்டா ரப்பர் செருப்பு சத்தமிட அவளிடம் வந்தார்.

“கொனாடு, உனக்கு என்ன வயசும்மா?”

“இருபத்தொம்பது, சார்.”

“உன் ரத்தத்தக் கேட்டா இன்னும் பால்குடி மறக்கலேங்குது. பத்துல மூணு பங்கு சிசு ரத்தம். உனக்கு எஸ்.எஸ்.னு எந்த மகராசன் எழுதிக் குடுத்தான்?”

இழையைப் படித்துப் பார்த்தார்கள். அம்மாவிடமிருந்து வந்த பக்கத்தில் எஸ். என்ற கோளாறு இருந்தது. அப்பாவிடமிருந்து வந்த பக்கத்தில் ஒரு நீளத் துண்டையே காணவில்லை. கதவை மூட விரல்காரனுக்கு ஓரிடத்துப் பிடி போதாது, அக்கம்பக்கத்திலும் பிடி வேண்டும்; அந்தப் பிடிகளில் ஒன்று துண்டோடு போய்விட்டது. கதவு சாத்தப்படவே இல்லை. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இதற்கும் எஸ்.எஸ்.ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. பெரியவளான பிறகு யாரும் மறுபடி சோதிக்கவில்லை. நோயே வராதவளை ஆஸ்பத்திரியில் யார் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்?

அப்பாவையும் தேடிப் போனாள். லாரி ஓட்டுகிறவர், சுவாமேயில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். “என் கார்டுல ஏ.எஸ்.னு இருக்கு, நோயில்லாத ரத்தம், எனக்கெதுக்கு ஊசி?” என்று முரண்டு பிடித்துவிட்டுக் கையை நீட்டினார். அவருக்கும் அதே துண்டு காணோம். சோதனைப் பட்டையில் சிசு ரத்தத்தின் கோடு, நல்ல ரத்தத்தின் ஏ கோட்டுக்குப் பக்கத்தில்தான் விழும். அவசரத்தில் பார்த்த எவனோ அதை ஏ என்று எழுதிவிட்டான். கொனாடுவுக்கு அப்பா கொடுத்தது கிழிந்த பக்கம். அம்போன்சாவுக்கு அவர் கொடுத்தது மறுபக்கம், அதில் எஸ். இருந்தது. அவ்வளவுதான் அண்ணனுக்கும் தங்கைக்கும் வித்தியாசம்.

கஷாயத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. சோதனை முடிவு எழுதிய காகிதத்தை ஒன்பது நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு கொனாடு அலைந்தாள்.

அம்மா வாழ்க்கையில் ஜெயித்தது ஒரே இடத்தில்தான், அது கொனாடு. அதைப் போய் எப்படிப் பிடுங்குவது? பேசாமலும் இருக்க முடியாது. ஜூன் மழையில் அம்போன்சாவுக்கு வலி நெஞ்சுக்குள் இறங்கி, இரண்டு வாரம் ஆக்சிஜனோடு கிடந்தான். இன்னொரு தடவை இப்படி வந்தால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லி, ஒரு காப்ஸ்யூல் எழுதிக்கொடுத்தார். மூடிய சிசு ரத்தத்தைக் கொஞ்சம் திறந்துவிடுகிற மருந்து. அது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி திறக்காமலே இருந்தது.

சனிக்கிழமை அம்மா இழவுக்குப் போயிருந்தபோது கொனாடு கேட்டாள்.

“ஏண்ணா இன்னும் தொடவே இல்ல?”

“தொட்டா அம்மா கஷாயத்த நிறுத்திடுவா. ரெண்டு மருந்து ஒரே வயித்துல ஆகாதாம்.”

“நிறுத்தட்டுமே! அந்தத் தண்ணி உனக்கு என்னத்தப் பண்ணிக் கிழிச்சுது?”

“ஒண்ணும் பண்ணல. முப்பது வருஷத்துக்கு மேல குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?” அவன் காலை மெல்ல நீட்டினான். “நான் குடிக்கலேன்னா அவ சோறு திங்கமாட்டா, கொனாடு. ஒவ்வொரு டம்ளரும் அந்த ஒரு மாசத்துக்கு அவ கட்டற அபராதம். நான் வாயத் திறக்கறேன், அவ ஊத்தறா. விடு.”

“செத்துப்போயிடுவே நீ, அண்ணா!”

“தெரியும்” என்றான் அவன், ரொம்ப சாதாரணமாக.

கொனாடுவுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இரண்டு அறை விட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் முற்றத்தில் பதினான்கு பெண்கள். டுஃபியே என்று புதிதாக ஒருத்தி, இருபது வயதுகூட இருக்காது, முதுகில் ஏழு மாதப் பெண் குழந்தை. குழந்தை கொனாடுவின் காதுத்தோட்டைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அதன் விரல்கள் இன்னும் மெல்லிசாக, வீக்கமில்லாமல் இருந்தன.

“கிளினிக்குல தினமும் ஒரு சிரப் குடுக்கச் சொன்னாங்கம்மா” என்றாள் டுஃபியே. “நீங்க ரெண்டும் ஆகாதுன்னு சொன்னதா அத்தை சொன்னாங்க. போன வாரத்தோட நிறுத்திட்டேன்.”

“நல்ல காரியம் பண்ணினே” என்றாள் செர்வா. “இங்க பாரு, இவ என் பொண்ணு. இவளும் உன் பொண்ணாட்டந்தான் இருந்தா. எழுந்திருடி, குதிச்சுக் காட்டு.”

கொனாடு எழுந்தாள். குதிக்கவில்லை.

“குதியேண்டி!”

“அம்மா, கொஞ்சம் உள்ள வா.”

“பானை கொதிக்குது.”

“கொதிக்கட்டும். வா.”

சமையலறைக்குள் வந்ததும் செர்வா சீறினாள். “பதினாலு பேர் முன்னால மானத்த வாங்கறியே, உனக்கு என்னடி வந்துச்சு?”

“அம்மா, நான் எஸ்.எஸ். இல்ல.”

“பெட்டியில கார்டு இருக்கு.”

“கார்டு தப்பு. என் ரத்தத்த எங்க ஆய்வகத்துல பாத்தாச்சு. ரெண்டு தடவ பாத்தாச்சு.” கொனாடு தன் மூன்று விரல்களை அம்மாவின் முன்னால் நீட்டினாள். “வயித்துல இருக்கும்போது பிள்ளைக்கு வேற ரத்தம்மா. பொறந்த பின்னால அத மூடறதுக்குன்னே உள்ள ஒருத்தன் இருக்கான். இப்படி மூணு வெரல்.”

“பேயா?”

“பேயில்லம்மா, புரதம். உனக்குள்ளயும் இருக்கான், எல்லாருக்குள்ளயும் இருக்கான். அவன் தடவிப் பாத்து, பிடி கெடச்சாத்தான் கதவ மூட முடியும். எனக்கு அவன் பிடிக்கவேண்டிய எடமே கிழிஞ்சுபோயிருக்கு. அதனால மூடவே இல்ல. நான் இன்னும் அந்த வயித்துப்பிள்ளை ரத்தத்துலதான் நடமாடறேன். அதான் எனக்கு ஒண்ணும் வரல. கஷாயத்தால இல்ல.”

செர்வா கதவில் சாய்ந்துகொண்டாள். “யாரு கிழிச்சா?”

“அப்பாகிட்டேருந்து அப்படியே வந்திருக்கு.”

“அந்த ஆளா?” அவள் குரல் ஏறியது. “ஒரு டப்பா பால்பவுடர் வாங்கிக் குடுத்ததில்ல அந்த மனுஷன்! பிள்ளைக்கு ரத்தம் தாய்கிட்டேருந்துதான் வருது, கெட்ட ரத்தம் உன்னோடதுன்னு அவன் அக்காக்காரி தெருவுல நின்னு கத்தினா. நான் வாயப் பொத்திக்கிட்டுக் கேட்டேன். இப்ப அவன் குடுத்து நீ பொழச்சியா?”

“அவருக்கே தெரியாதும்மா.”

“தெரியாமக்கூட ஒண்ணு குடுத்தானா? சே!”

வெளியே ஒரு குழந்தை அழுதது. செர்வா இடுப்புத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள்.

“அப்போ உனக்கு நான் ஒண்ணுமே பண்ணல.”

கொனாடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கரிச்சூட்டில் காய்ந்து கறுத்த கை. ஒன்பது நாளாக அவள் பயந்தது இந்த வாக்கியத்துக்குத்தான். ஆனால் அவள் எதிர்பார்க்காத கேள்வி அதற்குப் பின்னால் வந்தது.

“கொனாடு. அந்த ஒரு மாசம்?”

“எந்த மாசம்?”

“உங்க பெரியம்மா இழவு. நான் பட்டைய மறந்துட்டுப் போன மாசம். உனக்கே கஷாயம் இல்லேன்னா... அவனுக்கு?”

ஒன்பது நாளில் கொனாடு இதை நினைத்தே பார்க்கவில்லை. அம்மாவிடமிருந்து எதைப் பிடுங்கப்போகிறோம் என்று மட்டுமே யோசித்திருக்கிறாள். அந்த மடத்தனத்துக்காகத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

“அம்மா, அண்ணனுக்கு அந்தக் கிழிசல் வரல. வெரல்காரன் அவனுக்குள்ள சரியாப் பிடிச்சு, சரியா மூடிட்டான். அவனுக்கு மூடின வயசு அதுதான். நீ இழவுக்குப் போகாம இங்கயே உக்காந்து வாளி வாளியா ஊத்தியிருந்தாலும் அதே மாசம் வெரல் வீங்கியிருக்கும். நீ மறந்ததால எதுவும் ஆகல.”

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னாள்.

“இன்னும் ஒரு தடவ.”

மூன்றாம் முறையும் சொன்னாள். கூடவே காப்ஸ்யூலைப் பற்றியும் சொன்னாள். அது அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கிறது, எப்படி என்று தங்களுக்கே முழுசாகத் தெரியவில்லை, ஆனால் திறக்கிறது. அண்ணன் அதைத் தொடாமல் இருப்பது அம்மா மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான். செர்வா மகனின் அறைக்குப் போய்விட்டு நேராக முற்றத்துக்கு நடந்தாள்.

பெண்கள் நிமிர்ந்தார்கள். அவள் அடுப்பிலிருந்து பானையை இறக்கித் தரையில் வைத்தாள்.

“டுஃபியே, அந்த சிரப் எங்க?”

“வீட்டுல, அலமாரி மேலம்மா.”

“போன உடனே எடுத்துக் குடு. நாளைக்குக் காலையில கிளினிக்குக்குப் போ. நிறுத்தினதுக்குத் திட்டுவாங்க, வாங்கிக்கோ. எல்லாரும்தான். அவங்க குடுக்கறத நிறுத்தாதீங்க. இது வெறும் கசப்பு. என் பொண்ணு இதால பொழைக்கல, அவ பொறப்பே அப்படி. நானும் தெரியாமத்தான் சொன்னேன்.”

பின்வரிசையில் ஒரு நடுத்தர வயதுக்காரி எழுந்தேவிட்டாள். “என்னக்கா விளையாடறீங்களா? நாலு வருஷமா வர்றேன்! அப்போ உங்க பையன்? ஒரு மாசம் விட்டதாலதான் அவன் இப்படின்னு சொன்னீங்களே?”

செர்வா மூலை நாற்காலிக்குப் போனாள். மகனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். டம்ளருக்காகக் கையை நீட்டிய அம்போன்சாவின் உள்ளங்கையில் காப்ஸ்யூல் புட்டியை வைத்தாள். மூடி திறந்திருந்தது.

“நான் தப்பு பண்ணலையாம்டா” என்றாள். சின்னப் பிள்ளை வாத்தியாரிடம் சொல்வதுபோல இருந்தது. “உன் தங்கச்சி சொல்றா. அந்த மாசம் நான் எங்க இருந்திருந்தாலும் உனக்கு வந்திருக்குமாம்.”

அம்போன்சா தங்கையைப் பார்த்தான். கொனாடு தலையாட்டினாள். அவன் புட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, ஒரு மாதிரியான திகைப்பு.

“அப்போ இருபது வருஷமா வாராவாரம் நான் எதுக்கும்மா உன்ன மன்னிச்சிட்டிருந்தேன்?”

செர்வாவுக்குப் புரியவில்லை. “மன்னிச்சியா? எப்போ?”

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்.”

“ஒரு தடவகூடச் சொன்னதில்லையேடா!”

“நீ எங்கம்மா என்னப் பேசவிட்டே?” என்றான் அம்போன்சா. “தப்பு தப்புன்னு நீதான் பேசிக்கிட்டிருந்தே.”

அவள் அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வலிக்கிற கால்தான், ஆனாலும் அவன் நகர்த்தவில்லை. டுஃபியே எழுந்து போய், காப்ஸ்யூல் விழுங்க அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.